சுருட்டை முடிய தலைக்கு குளிச்சிட்டு அப்படியே விட்டா ஏன் பரட்டையாகுது? (சென்னை, போர் தண்ணி)

ஓஎம்ஆர்_வாசி:
வணக்கம். எனக்கு பிறவியிலேயே சுருட்டை முடி, தோளுக்கு கொஞ்சம் கீழ வரும், ஸ்கூல் முடியுற வரைக்கும் எண்ணெய் வெச்சு படிய வாரி ரெட்டை ஜடைதான், அதனால இது எவ்ளோ சுருட்டைன்னே வீட்ல யாருக்கும் தெரியாது. இப்போ யூட்யூப் பாத்து வாஷ் அண்ட் கோ (குளிச்சு ஜெல் போட்டு சுருள அப்படியே காய விடுறது) பண்ணலாம்னு சல்பேட் (நல்லா நுரைச்சு அழுக்க எடுக்குற பொருள்) இல்லாத ஷாம்பு, கண்டிஷனர், ஒரு ஜெல் எல்லாம் வாங்கியாச்சு. குளிச்சு வந்ததும் ஈரத்துல சுருள் சுருளா சூப்பரா இருக்கு, துண்டால நல்லா துவட்டிட்டு ஜெல் போட்டு கேப் ஏறுனா ஆஃபீஸ் போய் இறங்குறதுக்குள்ள பம்முன்னு நிக்குது. சோழிங்கநல்லூர் பக்கம், போர் தண்ணி, வாளி ஓரமெல்லாம் வெள்ளையா படியும். காலைல ஏழரைக்கு கேப். இதுல ஈரத்தலையோட வெளிய போனா நீர் கோத்துக்கும்னு அம்மா வேற தினம் ஒரு பாட்டு. எங்க தப்பு நடக்குது?

கோவை_சுருள்:
துவட்டுறீங்க பாருங்க, அங்கதானுங்க. முடி நனையும்போது அதுக்குள்ள இருக்குற ஹைட்ரஜன் பிணைப்பெல்லாம் விட்டுப்போகும், காயும்போது முடி எந்த வடிவத்துல இருக்குதோ அப்படியே மறுபடி பிடிச்சுக்கும். நீங்க துண்டப் போட்டு பரபரன்னு தேச்சு சுருளப் பிரிச்சு விட்டுட்டு அதுக்கு மேல ஜெல் போட்டா, பிரிஞ்சதத்தான் அந்த ஜெல் பிடிச்சு வெக்கும்.

சிக்கு எடுக்கறத பாத்ரூம்லயே கண்டிஷனர் இருக்கும்போதே விரலாலயோ அகலப் பல்லு சீப்பாலயோ நுனியில இருந்து மேல மேல எடுத்து முடிச்சிடுங்க, அலசுனதுக்கப்புறம் சீப்பு கிட்டயே போகக் கூடாது. தண்ணி சொட்ட சொட்ட இருக்கும்போது, ஆமா நெஜமாவே சொட்டணும், தலைய கவுத்து ஜெல்ல ரெண்டு உள்ளங்கையிலயும் தேச்சுட்டு கை கூப்புற மாதிரி முடிய நடுவுல வெச்சு மேல இருந்து கீழ இழுங்க. அப்புறம் நுனியில இருந்து உச்சிப் பக்கமா கசக்கி விடுங்க, சளக் சளக்குன்னு சத்தம் கேக்கணும், கேக்கலைன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். மிச்சத் தண்ணிய பழைய காட்டன் டீ ஷர்ட்டால ஒத்தி எடுங்க. அதோட கைய எடுத்துடுங்க, காயுற வரைக்கும் தொடவே கூடாது. காஞ்சதும் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கும், பயந்துக்காதீங்க, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் கையில தேச்சு கசக்கி விட்டா அந்த மொறுமொறுப்பு உடைஞ்சு மெத்துன்னு ஆயிடும். நெறைய பேரு பாதி ஈரத்துலயே உடைச்சு உடறாங்க, பரட்டை அங்கதான் ஆரம்பிக்குது.

உப்புத்தண்ணி_உலகம்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா கோயம்புத்தூர்ல உக்காந்து சிறுவாணி தண்ணில குளிக்கிறவங்க சொல்றத அப்படியே ஓஎம்ஆர்ல பண்ணா வேலைக்கு ஆகாது 😀 போர் தண்ணில இருக்குற கால்சியம் மக்னீசியம் எல்லாம் முடி மேலயும்தான் படியும், முடி சொரசொரன்னு ஆகி ஜெல் போட்டாலும் சுருள் ஒண்ணு சேராது. சல்பேட் இல்லாத மைல்டான ஷாம்பு இந்தப் படிவ எடுக்காது. ஷாம்பு பாட்டில் பின்னாடி டைசோடியம் இடிடிஏ இல்ல டெட்ராசோடியம் இடிடிஏன்னு (கால்சியம் மாதிரி உப்ப பிடிச்சுக்குற பொருள்) இருக்கான்னு பாருங்க, ஆனா பேர் இருந்தா மட்டும் போதாது, நிறைய ஷாம்புல அது ஷாம்பு கெடாம இருக்க துளியூண்டுதான் போடுவாங்க, அதனால கீலேட்டிங் (அந்த உப்புப் படிவ பிடிச்சு எடுக்குறது) இல்ல ஹார்ட் வாட்டர்னு போட்டு விக்கிறதா பாத்து வாங்குங்க. அத மாசத்துக்கு ரெண்டு தடவ போட்டா போதும், வாராவாரம் வேண்டாம், வறண்டுடும். சல்பேட்னாலே விஷம்னு ஒரு குரூப் சுத்துது, அதெல்லாம் கிடையாது, நீங்க டைமெத்திகோன் மாதிரி சிலிகான் உள்ள சீரம் போடுறீங்கன்னா அது தண்ணிக்கு போகாது, அத எடுக்க எப்பவாச்சும் கொஞ்சம் ஸ்ட்ராங்கான சல்பேட் ஷாம்பு வேணும்தான்.

கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு மக்கு கேன் தண்ணி ஊத்திப் பாருங்க. செலவு கம்மி, வித்தியாசம் அன்னிக்கே தெரியும். ஷவர்ல மாட்டுற ஃபில்டர் வாங்கிடாதீங்க, பெரும்பாலும் குளோரினுக்குத்தான் அது, உப்புக்கு சாஃப்டனர்தான் வேணும், வாடகை வீட்ல அதெல்லாம் நடக்குற கதையா.

யாழ்_சுருள்:
எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணிதான், கேத்தில் அடியில வெள்ளையாப் படியும், அதால உங்கட பிரச்சினை நல்லா விளங்குது. முந்தி எங்கட பக்கம் செவ்வரத்தம் இலையைக் கசக்கி அந்த வழுவழுப்பான சாறைத் தலைக்கு வைச்சுத்தான் முழுகுறவை. சிக்கு எடுக்க அது நல்லம், கொண்டிஷனர் மாதிரி வழுக்கும், ஆனா சுருளைப் பிடிச்சு வைக்காது, அதுக்கு ஜெல் வேணும். ஆளி விதை ஜெல் வீட்டிலயே செய்யலாம். கால் கப் விதைக்கு ரெண்டு கப் தண்ணி விட்டுக் கொதிக்க வைச்சு, முட்டை வெள்ளைக் கரு பதத்துக்கு வரேக்குள்ள இறக்கி, சூட்டோடயே மெல்லிய துணியில வடிச்சுப் போடுங்கோ, ஆறவிட்டா வடியவே வடியாது. ஃபிரிஜ்ஜில ஒரு கிழமை இருக்கும். புழுக்கமான நாளில பிடி கொஞ்சம் காணாது, கடை ஜெல்லை மேல ஒருக்கா பூசினால் சரி.

மடிப்பாக்கம்_மண்டை:
யாரும் ஏழரை மணி கேப்ப பத்தி பேசவே இல்லையே. வாஷ் அண்ட் கோன்னு பேர்தான், அடர்த்தியான முடின்னா வாஷுக்கும் கோவுக்கும் நடுவுல மூணு நாலு மணி நேரம் ஃபேனுக்கு அடியில உக்காரணும். காலைல குளிச்சிட்டு ஈரத்தோட கேப்ல சீட்ல தலைய சாய்ச்சா எந்த ஜெல்லும் நிக்காது. முந்தின நாள் சாயங்காலம் குளிங்க, முழுசா காய விடுங்க, படுக்கும்போது உச்சந்தலைல லூசா தூக்கிப் போட்டு சாட்டின் உறை போட்ட தலகாணில படுங்க, காலைல ஸ்ப்ரே பாட்டில் தண்ணில அங்கங்க லேசா நனைச்சு கசக்கி விட்டா போதும். வாரத்துக்கு ரெண்டு தடவ இத பண்ணா மத்த நாள் ஓடிடும். அம்மா பாட்டும் நிக்கும் (ஜலதோஷம் வைரஸால வருதுன்னு அவங்ககிட்ட சொல்லிப் பாத்தவங்க யாரும் ஜெயிச்சதா சரித்திரம் இல்ல).

இன்னும் ரெண்டு. ஒண்ணு, அந்த வீடியோல வர்றவங்க நிறைய பேர் அமெரிக்க கறுப்பினப் பெண்கள், இந்த வாஷ் அண்ட் கோ பேச்சே பெரும்பாலும் அவங்ககிட்ட இருந்துதான் நம்ம வரைக்கும் வந்துருக்கு. அவங்க முடி பெரும்பாலும் 4ஏ, 4சி மாதிரி (முடியோட சுருள் எவ்ளோன்னு சொல்ற வகைப் பேர், எண் ஏற ஏற சுருள் நெருக்கமாகும்) நெருக்கமான சுருள், அதுக்கு ஷியா பட்டர், க்ரீம், ஜெல்னு அடுக்கடுக்கா தாங்கும். உங்களுக்கு 2சி, 3ஏ மாதிரி லூசான சுருள்னா அதே அளவு போட்டா முடி பாரத்துல தொங்கிடும். ரெண்டு, ஜெல்லுல கிளிசரின் முதல் நாலஞ்சு பேருக்குள்ள இருந்தா சென்னைக்கு வேண்டாம், காத்துல இருக்குற ஈரத்தையெல்லாம் இழுத்து முடி உப்பிடும், ஐப்பசி கார்த்திகைல கேக்கவே வேண்டாம்.

எண்ணெய் வேணும்னா குளிக்கறதுக்கு முன்னாடி வைங்க. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்கி, அலசும்போது புரதம் போறத குறைக்குதுன்னு 2003ல ஜர்னல் ஆஃப் காஸ்மெடிக் சயின்ஸ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எழுதுனவங்க எண்ணெய் விக்கிற கம்பெனி ஆளுங்கதான், அதையும் சேத்தே சொல்லிடறேன்.

ஓஎம்ஆர்_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். வீட்ல இருக்குற ஜெல்லுல தண்ணிக்கு அடுத்த பேரே கிளிசரின்தான் 🤦 அத ஓரம் கட்டிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேன் தண்ணியோட ட்ரை பண்றேன். மூணு மணி நேரம் ஃபேனுக்கு அடியில உக்கார பொறுமை இல்ல, டிஃப்யூசர் (ட்ரையர் வாயில மாட்டி காத்த பரப்பி விடுறது) தனியா கிடைக்குமா, இல்ல ட்ரையரோட சேத்துதான் வாங்கணுமா?

மடிப்பாக்கம்_மண்டை:
தனியா கிடைக்கும், யுனிவர்சல்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க, உங்க ட்ரையர் வாய் எவ்ளோ அகலம்னு அளந்துட்டு வாங்குங்க. கம்மி சூடு, கம்மி ஸ்பீடு, முடி பாதி தானா காஞ்சதுக்கு அப்புறம் போடுங்க. உச்சந்தலை கிட்ட முதல்ல காய வைங்க, அங்கதான் கடைசி வரைக்கும் ஈரம் நிக்கும்.