ஹைலக்ஸ் பின்பக்கம் உக்காருது, ட்ரைலர் இழுக்க ஏர் பேக் போடலாமா?

பிஎம்_சமையல்:
எல்லாருக்கும் வணக்கம். புக்கிட் மெர்தாஜாம்ல சின்னதா கேட்டரிங் பண்றேன். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் பிக்கப், பின்னாடி கம்பெனி லீஃப் ஸ்ப்ரிங் அப்படியேதான் இருக்கு, ட்ரைலர் ஒத்த ஆக்ஸில், பிரேக் கிடையாது. அண்டா, அடுப்பு, கேஸ் தோங் (சிலிண்டர்), 200 லிட்டர் தண்ணி ட்ரம் ரெண்டு எல்லாம் ட்ரைலர்ல ஏறிடும், ட்ரம் ரெண்டும் முன்னாடி ஓரமா நிக்கும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை பக்கம் பந்தலுக்கு சமையல் ஒத்துக்கிட்டிருக்கேன், போன வருசம் இதே லோடோட பினாங்கு பாலம் ஏறுனப்ப ஸ்டியரிங் லேசா மிதக்குற மாதிரி இருந்துச்சு, எதிர்ல வர்றவங்க எல்லாம் ஹைலைட் அடிக்கிறாங்க, இறங்கிப் பாத்தா என் லைட்டுதான் மேல பாக்குது. ட்ரைலர் மாட்டுனா பின் ஃபெண்டர் 8 செண்டிமீட்டர் இறங்குது, முன்பக்கம் 2 செண்டிமீட்டர் தூக்குது. ஒரு கடையில ஏர் பேக், அதான் பின் ஸ்ப்ரிங்குக்கு ஒத்தாசையா வைக்கிற காத்துப் பை, போட்டா எல்லாம் சரியாயிடும், இன்னும் அரை டன் கூட ஏத்தலாம்னு சொல்றாங்க. நெசமா? இல்லன்னா ட்ரம்ம ட்ரைலர் கடைசிக்குத் தள்ளிட்டா போதுமா?

கிள்ளான்_போமேன்:
அந்த அரை டன் பேச்ச மொதல்ல மறந்துடுங்க அண்ணே. பேக் வண்டிய தூக்கும், அவ்ளோதான். ஆக்ஸில், வீல் பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழசுதானே, அதுங்க தாங்குற எடை ஒரு கிலோ கூட ஏறாது.

ஸ்டியரிங் மிதக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியம். பால், அதாவது ட்ரைலர் கப்ளிங் வந்து மாட்டுற இரும்பு உருண்டை, பின் சக்கரத்துக்கு 1.2 மீட்டர் பின்னாடி இருக்குன்னு வைங்க, ஹைலக்ஸ் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) 3.085 மீட்டர். பால் மேல 100 கிலோ உக்காந்தா பின் ஆக்ஸில்ல ஏறுறது 100 இல்ல, கிட்டத்தட்ட 139, அந்த மிச்ச 39 கிலோவும் முன் சக்கரத்துலேருந்து பிடுங்குனது. பேக்ல காத்த ஏத்தி பின்பக்கத்த தூக்கிட்டா வண்டி பாக்க நேரா நிக்கும், லைட்டும் இறங்கிடும், ஆனா அந்த 39 கிலோ முன்னாடி திரும்பி வராது. பால் மேல உள்ள எடைய குறைக்கணும், இல்ல எடைய முன்னாடி தள்ளிக் குடுக்குற ஹிட்ச் போடணும், அதுவும் ட்ரைலர் கப்ளிங்குக்கும் வண்டிக்கும் ஒத்து வந்தாதான்.

ட்ரம்ம கடைசிக்குத் தள்ளாதீங்க அண்ணே, கெஞ்சிக் கேட்டுக்கறேன். பால் மேல எடை ரொம்ப குறைஞ்சா ட்ரைலர் வாலாட்டும், பாலத்துல கடல்காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது ஆட ஆரம்பிச்சா நிறுத்துறது கஷ்டம். மொத்த ட்ரைலர் எடையில 10 பர்சன்ட் அளவுக்கு பால் மேல இருக்கணும். மொதல்ல எடை போட்டுப் பாருங்க, பெசி புரோக் (பழைய இரும்பு) கடையில லோரி திம்பாங் (லோரி எடை போடுற மேடை) இருக்கும், பணம் கொடுத்தா பாத்துத் தருவாங்க. பிரேக் இல்லாத ட்ரைலர்னு வேற சொல்றீங்க, பல நாட்டுல ஹைலக்ஸுக்கு அதுல மேல் எல்லை 750 கிலோதான், உங்க வண்டி புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு திறந்து பாருங்க.

சுங்கைசிப்புட்_காரன்:
நான் பட்டதை சொல்றேன். தோட்டத்து வேலைக்கு பிக்கப் பெட்டியோட கடைசியில ஜெனரேட்டர் வச்சு, பின்னாடி ட்ரைலரும் இழுத்தேன், உக்காருதேன்னு பேக் போட்டு 80 பிஎஸ்ஐ ஏத்தி ஓட்டுனேன். வண்டி ஜம்முனு நின்னுச்சு, நானும் நிம்மதியா இருந்தேன். ஒரு வருசம் கழிச்சு பின் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்குற இடைவெளி மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி ஆயிடுச்சு, லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா சேசிஸ் வளைஞ்சு போயிருக்கு. லீஃப் ஸ்ப்ரிங் எடைய முன் பிராக்கெட் பின் ஷேக்கிள்னு ரெண்டு இடத்துல சேசிஸுக்கு பிரிச்சுக் குடுக்கும், பேக் ஆக்ஸிலுக்கு நேர் மேல ஒரே இடத்துல குத்தும், எடையோ அதுக்கும் பின்னாடி தொங்குது, பள்ளத்துல விழுற ஒவ்வொரு தடவையும் அங்க மடங்கப் பாக்கும். போட்டுக் குடுத்த கடையில இத யாரும் சொல்லல, நானும் கேக்கல. வண்டிய வித்துட்டேன், பாதி விலை கூட வரல. தயவு செஞ்சு பேக்க நம்பி எடை ஏத்தாதீங்க.

பிறை_ட்ரைலர்:
நான் 20 வருசமா ப்ரைம் மூவர் (பெரிய ட்ரைலர் இழுக்குற லோரி) ஓட்டுறேன், எங்க வண்டியில ஏர் சஸ்பென்ஷன்தான். ஆனா அது வேற சமாச்சாரம் தம்பி. இங்க பேக்குதான் ஸ்ப்ரிங், லெவலிங் வால்வு ஒன்னு இருக்கும், லோடு ஏற ஏற அதுவா காத்து விடும், இறக்குனா வெளிய விட்டுடும், பிரேக் கம்ப்ரஸர்லேருந்தே காத்து வருது, பேக் ஒடைஞ்சாலும் பிரேக் காத்து போகாம நடுவுல ப்ரொடெக்‌ஷன் வால்வு. உங்களுக்கு போடுறது லீஃபுக்கு ஒத்தாசை, காத்து நீங்கதான் ஏத்தணும் இறக்கணும்.

போடுறதா இருந்தா இடது பக்கம் வலது பக்கம் தனித்தனி ட்யூப் போடச் சொல்லுங்க. டீ (T) ஜாயின்ட் வச்சு ஒன்னா சேத்துட்டா வளைவுல சாயுற பக்கத்துக் காத்து அடுத்த பக்கத்துக்கு ஓடிடும், வண்டி இன்னும் சாயும், அண்டா நிறைய குழம்போட அது வேணாம். எக்ஸாஸ்ட் பைப் கிட்ட பேக்கோ ட்யூபோ படக்கூடாது. ட்ரைலர கழட்டுனதும் காத்த குறைங்க, ஆனா சுத்தமா எடுத்துடாதீங்க, ஃபயர்ஸ்டோன் மாதிரி லீஃப் வண்டி செட்டுக்கு குறைஞ்சது 5 பிஎஸ்ஐ, அதாவது பெட்ரோல் ஸ்டேஷன் மீட்டர்ல 35 கேபிஏ, எப்பவும் இருக்கணும், இல்லன்னா ரப்பர் மடிஞ்சு கடிச்சுக்கும். ஜாயின்டுல சவுக்காரத் தண்ணி ஊத்திப் பாருங்க, முட்டை விட்டா லீக். மாத்துறதுக்கு முன்னாடி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் கேட்டுக்கங்க.

பிஎம்_சமையல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சனிக்கிழமை எடை போட்டுட்டு வந்தேன். தண்ணியோட ட்ரைலர் 1,120 கிலோ, அரிசிக்கடை தராசுல கப்ளிங்க வண்டி உயரத்துலயே நிறுத்திப் பாத்தா 190 கிலோ. பாத்ததும் வயித்துல புளியக் கரைச்சிடுச்சு, இவ்ளோ நாளா பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு இப்படித்தான் ஓட்டியிருக்கேன். ட்ரம்ம காலி பண்ணிட்டு மறுபடியும் போட்டேன், மொத்தம் 720, கப்ளிங்ல 57, கேஸ் தோங்க கொஞ்சம் முன்னாடி நகட்டிக் கட்டினதும் 75 வந்துச்சு. இப்ப பின் ஃபெண்டர் 3 செண்டிமீட்டர்தான் இறங்குது. தண்ணிய பந்தல்லயே பைப்ல புடிச்சுக்கறேன்னு பேசிட்டேன். இதுக்கு மேல பேக் வேணுமா போமேன் அண்ணே?

கிள்ளான்_போமேன்:
இப்போதைக்கு வேணாம் அண்ணே. பாலத்துல ஒருக்கா மெதுவா ஓட்டிப் பாருங்க, ஸ்டியரிங் கைக்கு கனமா வந்தா அந்தக் காசுல ட்ரைலருக்கு பிரேக் போடுங்க. ட்ரைலர் டயர் எத்தன வருசம்னு பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், அத ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்து சொல்றேன்.