அந்துப்பூச்சிக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
இரண்டு விலங்குகளை ஒப்பிட்டு எழுத மகளுக்குப் பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது அந்துப்பூச்சியும் கரடியும்! இரண்டுமே விலங்குகள் என்பதோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. யாராவது கைகொடுங்களேன்.

பதில் 1:
வகைப்பாடு சுலபம். கரடி முதுகெலும்புள்ள பாலூட்டி. மொத்தமே 8 இனங்கள். அந்துப்பூச்சி கணுக்காலி, வண்ணத்துப்பூச்சியின் பங்காளி. சுமார் 1,60,000 இனங்கள்.

பதில் 2:
சம்பந்தம் இல்லாமல் என்ன, ஒன்று மற்றதன் சாப்பாடு! அமெரிக்கச் சமவெளியில் பயிரைக் கடிக்கும் ஆர்மி கட்வார்ம் புழு, அந்துப்பூச்சி ஆனதும் கோடையில் ராக்கி மலைக்கு ஏறிவிடும். ராத்திரி பூந்தேன் குடிக்கும், பகலில் பாறைச் சரிவின் கற்களுக்கு அடியில் பதுங்கும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கத்து கிரிஸ்லி கரடி (பழுப்புக் கரடியில் ஒரு வகை) அந்தக் கற்களைப் புரட்டிப் புரட்டி நக்கித் தின்னும், ஒரே நாளில் 40,000 வரைகூட. பூச்சியின் உடம்பில் அவ்வளவு கொழுப்பு. குளிர்கால உறக்கத்துக்கு அதுதான் சேமிப்பு.

பாதுகாப்பு என்று பார்த்தால் வேடிக்கை. அலாஸ்கா நீங்கலாக, அமெரிக்க கிரிஸ்லிகளை 1975இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டார்கள். அது தின்னும் பூச்சியின் புழுவுக்கோ வயலில் மருந்தடிக்கிறார்கள்!

கேட்டவர்:
நாற்பதாயிரமா! சரி, மகள் இப்போதே கரடியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கல்லுக்கு அடியில் பூச்சிகளாக வரைந்துகொண்டிருக்கிறாள்.