செய்தியில் எப்போதும் பெண் மட்டும்தானா?

கேள்வி:
கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. பரிசோதனையில் தெரிந்தது, கணவரின் விந்தணு எண்ணிக்கை குறைவு. நேற்று மாமியார் ஒரு செய்தியை வெட்டி என் தலையணை அருகே வைத்திருந்தார். ‘வேலைக்குப் போகும் பெண்களைத் துரத்தும் மலட்டுத்தன்மை’. படத்தில் தலைகுனிந்த ஒரு பெண், தனியாக. மாமியார் கெட்டவர் இல்லை, அச்சில் வந்ததை நம்புகிறவர். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில் 1:
அந்தத் தலைகுனிந்த பெண்ணை நானும் எத்தனையோ செய்தியில் பார்த்துவிட்டேன் அக்கா. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையில்லாத பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கவனியுங்கள், ஆறு ‘பெண்களில்’ என்று சொல்லவில்லை.

பதில் 2:
நான் ஆண், குறை என்னிடம்தான். விந்தணு குறைவதும் தாம்பத்தியத்தில் இயலாமையும் வேறு வேறு. இரண்டையும் ‘ஆண்மைக் குறைவு’ என்றே எழுதுகிறார்கள். அந்த வார்த்தைக்குப் பயந்து இரண்டு வருஷம் பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். அதுவரை ஊசி, ஸ்கேன் எல்லாம் என் மனைவிக்குத்தான். நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. தயவுசெய்து உங்கள் கணவரே அம்மாவிடம் சொல்லட்டும்.

பதில் 3:
‘மலடி’ என்று ஏசுகிற ஊரில் ‘மலட்டுத்தன்மை’ என்ற சொல்லே அடி மாதிரி விழுகிறது. ‘குழந்தையின்மை’ என்று எழுதினால் போதுமே.

கேள்வி கேட்டவர்:
பதில் 2-ஐ கணவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘அம்மா தூங்கிட்டாங்களா?’ என்று கேட்டு எழுந்து போனார்.