அப்பாவுக்கு ஒரு படம் காட்ட வேண்டும், உதவுங்கள்

வணக்கம். பாலக்கோட்டில் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாகக் கல்லாவை விட்டு நகராதவர். அவருக்கு அமெரிக்க இயக்குநர் கெவின் ஸ்மித்தின் முதல் படமான 'கிளர்க்ஸ்' (1994) காட்ட ஆசை. அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் தமிழில் வசன வரிகளை நானே எழுதத் தொடங்கி, இருபதாவது நிமிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

விடுமுறை நாளில் கடைக்கு வரவழைக்கப்பட்ட ஒருவனின் ஒரு நாள், கதை அவ்வளவுதான். ஸ்மித் இதை நியூ ஜெர்சியில் தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை அடைத்த பிறகு இரவிரவாக, கறுப்பு வெள்ளையில் எடுத்தார். செலவு சுமார் 27,575 டாலர். அதற்காகத் தன் காமிக்ஸ் சேகரிப்பில் பெரும்பகுதியை விற்றார். கதையோ பகலில் நடக்கிறது. வெளியே இருட்டு தெரியாமலிருக்க, பூட்டில் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டார்கள், ஷட்டர் திறக்கவில்லை என்று ஒரு சாக்கு வைத்தார். கடை திறந்துதான் இருக்கிறது என்று துணியில் ஷூ பாலிஷால் எழுதித் தொங்கவிடுவான் நாயகன். அப்பா இதற்கு நிச்சயம் சிரிப்பார். எங்கள் ஷட்டரும் மழைக்காலத்தில் பாதியில் நின்றுவிடும்.

சிக்கல், கெட்ட வார்த்தைகள். அப்படியே போட்டால் அப்பா எழுந்து போய்விடுவார், மழுப்பினால் படமே போய்விடும். பேச்சும் படுவேகம், இரண்டு வரிக்குள் அடங்க மறுக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வசன வரி எழுதிப் பழகியவர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார முடியுமா? டீயும் ஒரு கூடைத் தக்காளியும் என் பொறுப்பு.