ஸ்கோர் ஏறுகிறது, கை மாறுகிறதா?

நடைவண்டி:
என் மகனுக்கு 9 வயது. பெருமூளை வாதம், இடது பக்கம் பாதிப்பு. உடல் இயக்கத் திறனைச் சொல்லும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுகோலில் 2-ஆம் நிலை, அதாவது தானே நடப்பான், படியேறக் கைப்பிடி வேண்டும். ஆறு மாதமாக, உடம்பின் அசைவைப் பார்த்து வீடியோ கேமை இயக்கும் கினெக்ட் கேமரா முன்னால் தினமும் அரை மணி நேரம் விளையாடுகிறான். "கையைத் தூக்குடா" என்று நான் கெஞ்சினால் பத்து முறையோடு அழுகை வந்துவிடும். பலூன் உடைக்கும் விளையாட்டில் நேற்று எண்ணிப் பார்த்தேன், 140 முறை தூக்கினான். திரும்பத் திரும்பச் செய்வதுதான் பயிற்சியின் உயிர் என்று தெரபிஸ்டுகள் நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஏன் உங்களில் சிலர் இந்த வீடியோ கேமைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறீர்கள்?

மணிக்கட்டு:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவள். அந்த 140 முறையும் எப்படித் தூக்கினான் என்று பின்னாலிருந்து பார்த்தீர்களா? இடது கை ஏறாதபோது குழந்தைகள் உடம்பை வலப்பக்கம் சாய்த்து, தோளைக் காதுவரை ஏற்றி, கையை மேலே கொண்டுபோய்விடுவார்கள். பலூன் இருக்கும் இடத்துக்குக் கை வந்தால் விளையாட்டுக்குப் போதும், பாயிண்ட் கொடுத்துவிடும். தப்பான அசைவை 140 முறை பழக்கினால் அதுவும் நன்றாகவே பழகிவிடும். இன்னொன்று, இந்தக் குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் உண்டு. பளிச் பளிச்சென்று மின்னும் திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடவே கூடாது.

தராசு:
பிசியோ பக்கத்திலிருந்து ஒன்று. கருவியைக் குறை சொல்ல நான் தயாரில்லை. 2007-இல் வந்த, மேலே ஏறி நின்று விளையாடும் வீ பேலன்ஸ் போர்டில் நான்கு எடை உணரிகள் உண்டு. எந்தக் காலில் எவ்வளவு பாரம் போகிறது என்று குழந்தை தன் கண்ணால் பார்க்கும். "நேராக நில்" என்று நான் நூறு தடவை சொன்னாலும் அது புரியாது. ஆனால், பெருமூளை வாதம் இல்லாமலேயே கை கால் அசைவு தடுமாறும் அசைவு ஒருங்கிணைவுக் குறைபாட்டுக்கான 2019 சர்வதேசப் பரிந்துரைகள் இத்தகைய விளையாட்டுகளைக் கூடுதல் உதவியாகத்தான் வைக்கின்றன. முதலிடம், அன்றாடம் செய்ய வேண்டிய வேலையையே நேரடியாகப் பழகுவதற்கு.

கைதவறி:
அந்தக் குறைபாட்டோடு வளர்ந்தவன் நான். பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, ஆனால் எனக்குப் பெயர் தெரிந்ததே 26 வயதில்தான். பந்து வந்தால் கை மூடுவதற்குள் அது நெஞ்சில் பட்டுவிடும், வகுப்பே சிரிக்கும். தனி அறையில், தப்பினால் யாரும் பார்க்காத இடத்தில், மறுபடி மறுபடி முயற்சி செய்ய எனக்கு ஒரு விளையாட்டு கிடைத்திருந்தால்! மணிக்கட்டு மேடம், நீங்கள் அசைவை மட்டும் அளக்கிறீர்கள். முயற்சி செய்யவே பயந்து நிற்கும் பிள்ளையை எந்தப் பயிற்சி அசைக்கும்?

மணிக்கட்டு:
அந்தப் பயத்தை நான் தினமும் பார்க்கிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் திரையில் பந்தைப் பிடிப்பவன் மைதானத்திலும் பிடிப்பான் என்று நம்பி விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் என் சண்டை. திரைப் பந்துக்கு எடை கிடையாது, உள்ளங்கையில் மோதாது. விரல்கள் எப்போது மூட வேண்டும் என்பதை அது கற்றுக்கொடுக்காது.

நடைவண்டி:
நாங்கள் முன்பு போன ஒரு மையத்தில் விளையாட்டைப் போட்டுவிட்டு தெரபிஸ்ட் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. நேற்று பின்னாலிருந்து வீடியோ எடுத்தேன். நீங்கள் சொன்னது சரி, சாய்கிறான். அதற்காக நிறுத்திவிடவா?

தராசு:
நிறுத்த வேண்டாம். முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார வைத்து, அவன் சாயும் வலப்பக்கம் ஒரு தலையணையை நிறுத்துங்கள். சாய்ந்தால் அது விழும், அவனுக்கே தெரிந்துவிடும். பலூன் வரும் உயரத்தையும் குறையுங்கள். சாயாமல் 20 முறை தூக்கினால் போதும், 140 வேண்டாம்.

மணிக்கட்டு:
அதோடு விளையாட்டு முடிந்த கையோடு, இடது கையை உதவிக் கையாக வைத்து ஒரு வேலை. சட்டை பட்டன், பாட்டில் மூடி, எது அவனுக்குத் தேவையோ அது. ஸ்கோரை எழுதாதீர்கள், பட்டனை எழுதுங்கள்.

நடைவண்டி (மூன்று வாரம் கழித்து):
பட்டன் இன்னும் வரவில்லை. ஆனால் சட்டை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் முயற்சி செய்கிறான். முன்பு இடது கை சும்மா தொங்கும்.

மணிக்கட்டு:
படித்ததும் மனசு நிறைந்தது. விளையாட்டால் வந்தது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன், மூன்று வாரமும் சட்டையையும் பழகியிருக்கிறான் அல்லவா?

கைதவறி:
சட்டையைத் தொடவே சம்மதித்தானே மேடம், அந்தச் சம்மதம் எங்கிருந்து வந்தது?