சைட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது, ஆனாலும் மாறிய டிராயிங் கம்பி கட்டுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோவை சைட்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் தரைத்தளமும் மூன்று மாடியுமாக எழும்பும் ஒரு அபார்ட்மென்ட்டில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். போன வாரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் மாடி கூரைக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) முடிந்து கம்பி வேலை ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய் இரவு 9.40க்கு ஆர்க்கிடெக்ட் பக்கத்திலிருந்து வாட்ஸப் குரூப்பில் மாற்றிய டிராயிங் வந்தது. ஒரு பாத்ரூம் எதிர்ச் சுவருக்குப் போகிறது, அதனால் பைப்புக்காகத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாப்பும் அந்தப் பக்கம் போக வேண்டும். நான் பார்த்து 'ஓகே சார்' என்று போட்டேன். அதற்குப் பிறகு சிமென்ட் லோடு இறங்கிய படம், ஓனர் அனுப்பிய டைல்ஸ் படங்கள், காலை வணக்கம் என்று எழுபது மெசேஜ் ஏறி அந்த டிராயிங் மேலே எங்கோ போய்விட்டது. மறுநாள் நான் வேறு சைட்டில் இருந்தேன். கம்பி கட்டுகிறவர் பொறுப்பான ஆள், முந்தைய டிராயிங்கைத் தன் போனில் தனியாக எடுத்து வைத்திருந்தார், அதைப் பார்த்தே சுத்தமாகக் கட்டி முடித்துவிட்டார். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் செக் பண்ணும்போதுதான் தெரிந்தது. சென்ட்ரிங்கை ஒரு பக்கம் பிரித்து, ஆறு பேர் ஒன்றரை நாள் கம்பியை அவிழ்த்துக் கட்டினார்கள். கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

யாரைக் கேட்டாலும் 'நான் குரூப்பில் போட்டேனே' என்கிறார்கள், அது பொய்யும் இல்லை. போன், நெட் எல்லாம் இருந்தும் சேர்ந்து வேலை செய்வது கைகூடவில்லை. பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் வாங்குகிற அளவுக்கு இது பெரிய சைட் இல்லை. நீங்கள் உங்கள் சைட்டில் உண்மையில் எப்படிச் செய்கிறீர்கள்?

சென்னை பிஎம்

தம்பி, எங்களுக்கும் இது நடந்திருக்கிறது, அன்று மாறியது பாத்ரூம் இல்லை, ஒரு தூணின் அளவு. அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்தோம். டிராயிங்கை ஃபைலாக யாரும் குரூப்பில் அனுப்பக் கூடாது, லிங்க் மட்டும்தான். ஃபைல் போனால் ஆளுக்கொரு காப்பி அவரவர் போனில் தங்கிவிடும், அது என்றைக்குப் பழசானது என்று அந்த போனுக்குத் தெரியாது. கூகுள் டிரைவில் ஒரு ஃபைலுக்குப் புது வெர்ஷன் ஏற்றினால் லிங்க் மாறாது, அதே இடத்தில் புதுசு திறக்கும். தளத்துக்கு ஒரு ஃபோல்டர், பழையதெல்லாம் 'ரத்து' என்ற தனி ஃபோல்டருக்கு. ஏற்றுகிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான், எங்கள் சைட்டில் அது ஆபீஸில் இருக்கும் டிராஃப்ட்ஸ்மேன். மற்ற எல்லோரும் பார்க்கலாம், மாற்ற முடியாது. பேஸ்மென்ட்டில் சிக்னல் செத்துவிடும், அதனால் காலையில் சைட் ஆபீஸ் வைஃபையிலேயே அன்றைக்கு வேண்டியதை ஆஃப்லைனில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம்.

அப்புறம் ஒன்று. 'ஓகே' என்பது பதில் ஆகாது. கம்பியையோ அளவையோ தொடுகிற மாற்றம் என்றால், பார்த்தவர் என்ன மாறியது என்று தன் வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும். 'பி3 சி3க்கு நடுவில் சங்கன் கிழக்கே போகிறது, கார்பென்டருக்குச் சொல்லிவிட்டேன்' என்று எழுதினால்தான் எங்களிடம் அது முடிந்த விஷயம். படம் அனுப்பினாலும் அப்படித்தான், விரிசலை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்பினால் எந்தச் சுவர் என்று யாருக்குத் தெரியும்? தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, டிராயிங்கில் தூண் வரிசையைக் குறிக்கும் பி3, சி3 மாதிரி கிரிட் நம்பரோடு.

திருச்சி கான்ட்ராக்டர்

சார் சொல்வது சரிதான், ஆனால் அது இன்ஜினியர் வரைக்கும்தான் ஓடும். என் சைட்டில் கம்பி வேலைக்காரர்கள் பீகார், ஒடிசா ஆட்கள். போன் இருக்கிறது, அதில் இடம் இருக்காது, டிரைவ் திறக்க மெயில் ஐடி பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. லிங்க் அனுப்பினால் நம் மனசாட்சிக்கு அனுப்பியதாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் செய்வது இது. வேலை நடக்கிற தளத்தில் ஒரு பிளைவுட் பலகை, அதில் அன்றைய டிராயிங் ஏ3 பிரின்ட். மாறினால் பழையதைக் கிழித்து நான் கையில் வாங்கிக்கொண்டுதான் புதுசை ஒட்டுவேன். ஒட்டியதைப் போனில் படம் எடுத்து குரூப்பில் போடுவேன், அதைப் பார்த்து ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் ரிவிஷன் நம்பர் சரியா என்று அங்கிருந்தே சொல்லிவிடுகிறார்கள். போன வருஷம் ஒருமுறை 'அண்ணே நீங்க ஒட்டியிருக்கிறது ஆர்2, ஆர்3 வந்துடுச்சு' என்று பத்தே நிமிஷத்தில் போன் வந்தது.

ஆட்களோடு பேச வாய்ஸ் மெசேஜை விட்டால் வேறு வழியே இல்லை. எழுதச் சொன்னால் எழுத மாட்டார்கள், பேசச் சொன்னால் தெளிவாகப் பேசுவார்கள். என் கம்பி மேஸ்திரி ஸ்லாப்பில் நடந்துகொண்டே வீடியோ எடுப்பார், 'யஹாங் கவர் பிளாக் கம் ஹை' (இங்கே கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் குறைவு) என்று இந்தியிலேயே சொல்லிக்கொண்டு போவார். அதைப் பார்த்துவிட்டு நான் கிளம்பும்போதே கவர் பிளாக் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அவர் அனுப்புகிற படத்தைக் காட்டி அவர் பில்லில் பிடித்தம் செய்யக் கூடாது. ஒரு தடவை செய்தால் போதும், அன்றோடு குறையைக் காட்டும் படம் ஒன்றுகூட வராது. ரீசார்ஜும் நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும், நம் வேலைக்காக அவர் காசில் நெட் எரிப்பது நியாயம் இல்லை. சாரத்தில் நிற்கும்போது போனை எடுக்கவே கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள், கூப்பிட்டாலும் இறங்கி வந்து பேசட்டும்.

ஓஎம்ஆர் மெயின்டனன்ஸ்

நீங்கள் எல்லோரும் கட்டும்போது பேசுகிறீர்கள், கட்டி முடித்துக் கொடுத்த பிறகு வந்து மாட்டிக்கொள்கிற ஆள் நான். இரண்டு பிளாக், 140 வீடு, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்.

ஒரு பிளாக்கில் மூன்றாம் மாடி பாத்ரூம் ஒழுகி இரண்டாம் மாடி சீலிங் ஊறிவிட்டது. பைப் எந்த வழியில் போகிறது என்று காட்ட ஒரு படமும் இல்லை. டிராயிங் இருந்தது, ஆனால் பிளம்பர் டிராயிங்படி போடவில்லை. நான்கு இடத்தில் டைல்ஸை உடைத்து ஐந்தாவதில் பைப் வளையும் எல்போ ஒன்றைக் கண்டுபிடித்தோம். அந்த டைல்ஸ் மாடல் இப்போது கிடைப்பதில்லை, அந்த அம்மாவிடம் என்ன பதில் சொல்வது? இன்னொரு பிளாக்கைக் கட்டிய இன்ஜினியர் யாரோ புண்ணியவான், பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்துப் படம் எடுத்து வீட்டு நம்பர் வாரியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே ஒழுகியபோது போனில் அந்தப் படத்தைத் திறந்தோம். தரையிலிருந்து 60 செ.மீ., மூலையிலிருந்து 35 செ.மீ. என்று டேப்பே காட்டுகிறது. ஒரே ஒரு டைல்ஸ்தான் எடுத்தோம்.

அதனால் தம்பி, எதைச் செய்யாவிட்டாலும் சுவருக்குள் மறைகிற கன்சீல்டு பைப், வயர் எல்லாவற்றையும் பூச்சுக்கு முன் படம் எடுத்து வையுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பெரிதாக்கினால் டேப்பில் உள்ள எண் தெரியாது, டாக்குமென்டாக அனுப்புங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேராவின் 14வது பிரிவுப்படி வீட்டை ஒப்படைத்த பிறகு 5 வருஷத்துக்குக் கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை கட்டியவர் தலையில்தான். அந்த நாளில் இந்தப் படங்கள் உங்களையும் காப்பாற்றும்.

எங்கள் பக்கம் நாங்கள் செய்வது சின்ன விஷயம். ஒவ்வொரு மோட்டார், ஜெனரேட்டர், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) ப்ளோயர் மேலேயும் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஸ்கேன் பண்ணினால் கூகுள் ஃபார்ம் திறக்கும், மோட்டாருக்கு ஆம்பியர் எவ்வளவு, சத்தம் இருக்கிறதா, மீட்டர் படம், அவ்வளவுதான். முன்பு நோட்டில் எழுதும்போது ஆபரேட்டர் தினமும் அதே எண்ணை எழுதிவிட்டுப் போவார். இப்போது படம் கேட்கிறோம், அதனால் மோட்டார் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு போர் மோட்டார் ஆம்பியர் மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்து, மோட்டார் சுருள் எரிவதற்கு முன்பே தூக்கிப் பேரிங் மாற்றினோம். அதை முதலில் சொன்னது நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர்தான், நான் இல்லை.

யூனியன் ஓவர்சீயர்

கிராமப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு போன் செயலிக்கு மாறியது, ஒரு நாளைக்கு இரண்டு முறை நேரமும் இடமும் பதிந்த படத்தோடு. எங்கள் பணித்தளப் பொறுப்பாளர்களில் பலர் அதற்கு முன் டச் போனைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் சொல்லிக் கொடுத்தோம், இன்று எனக்கு முன்னால் அவர்கள் முடித்துவிடுகிறார்கள். 'அவங்களுக்கு வராது' என்று யாரையும் ஒதுக்க வேண்டாம், கூட உட்கார்ந்து கற்றுக் கொடுங்கள்.

கோவை சைட்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சென்னை அண்ணன் சொன்ன லிங்க், திருச்சி அண்ணன் சொன்ன பலகை, இரண்டையும் வைத்தோம். டிராயிங்குக்குத் தனி குரூப், அதில் அட்மின் மட்டும்தான் போட முடியும். லோடு, டைல்ஸ், வணக்கம் எல்லாம் பழைய குரூப்பில். மாறியதைத் தன் வார்த்தையில் எழுத வேண்டும் என்பதற்கு முதல் வாரம் யாரும் ஒத்துவரவில்லை, எனக்கே கை 'ஓகே'வுக்குத்தான் போனது. இப்போது வாய்ஸில் சொன்னாலும் போதும் என்று வைத்தபிறகு நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்லாப் போட்டோம். ரெடிமிக்ஸ் லோடு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொரு வண்டியின் சலானையும் கேட்டிலேயே வாட்ச்மேன் படம் எடுத்து அனுப்பினார். மூன்றாவது வண்டி டிராஃபிக்கில் மாட்டி இரண்டு மணி நேரம் தாண்டித்தான் கேட்டுக்கு வந்தது. மேலே பம்ப் பக்கத்தில் நின்ற எனக்கு சலானில் நேரம் தெரிந்துவிட்டது, திருப்பி அனுப்பினோம். பலம் சோதிக்க கியூப் எடுத்த வண்டி நம்பரும் அதே வரிசையில் இருக்கிறது, 28 நாள் ரிசல்ட் வந்தால் எந்த இடத்துக் கான்கிரீட் என்று தேட வேண்டியதில்லை.

வயர் படம் எடுக்கத்தான் இன்னும் வழி தெரியவில்லை. பைப்புக்கு பிளம்பர் ஒத்துக்கொண்டார், டேப் பிடித்து எடுத்தும் தருகிறார். எலெக்ட்ரிகல் சப் கான்ட்ராக்டர் மட்டும் 'எங்க வேலையை ஏன் படம் புடிக்கிறீங்க, நம்பிக்கை இல்லையா' என்று கேட்கிறார். அடுத்த வாரம் பூச்சு ஆரம்பம். ஓஎம்ஆர் அண்ணே, அந்த இன்ஜினியர் படங்களை உங்களிடம் கொடுத்தபோது எலெக்ட்ரிகல் படங்களும் இருந்தனவா?

ஓஎம்ஆர் மெயின்டனன்ஸ்

இருந்தன தம்பி. அவர் எலெக்ட்ரீஷியனையும் படத்தில் டேப் பிடிக்க வைத்திருக்கிறார், பாதிப் படங்களில் அவர் கை இருக்கிறது. உங்கள் ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: நாளைக்கு யாரோ ஏசி மாட்ட வந்து டிரில் போட்டு அவர் வயரை அறுத்துவிட்டால், வயர் எங்கே இருந்தது என்று காட்ட அவரிடமும் ஒரு படம் இருக்கும். எடுத்த அன்றே அவருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.