கூடத்துத் தொலைக்காட்சியில் விளையாட்டுக் கருவி ஒன்றா, ஆளுக்கொரு கைக்கருவியா? இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்?

காவிரிக்கரை (திருச்சி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 13 வயது மகனும் 9 வயது மகளும் இருக்கிறார்கள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் கொழுந்தனார் வேலைக்காக வெளிநாடு சென்றபோது, தாம் வைத்திருந்த பிளேஸ்டேஷன் 4 கருவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் அது கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழுள்ள மரத்தட்டில் இருக்கிறது.

வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான். மாலை ஆறரைக்கு மாமியாரின் தொடர்கள் தொடங்கிவிடும். ஒன்பது மணி வரை அந்தத் திரையை அவரிடம் யாரும் கேட்பதில்லை, கேட்பது முறையும் இல்லை. பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த இரண்டரை மணி நேரம்தான் துணை. ஆகவே பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சனி, ஞாயிறு பகல் மட்டுமே. அதிலும் மகன் கால்பந்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால், மகள் சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னும் எத்தனை நிமிஷம் அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சென்ற ஞாயிறன்று ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. விளக்கும் மின்விசிறியும் நிற்கவில்லை, விளையாட்டுக் கருவி மட்டும் அணைந்துபோயிற்று. மறுபடி போட்டபோது, முறையாக அணைக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. அன்று மதியம் அவன் சாப்பிட வரவேயில்லை.

தோழியின் வீட்டில் பார்த்ததிலிருந்து மகள் நின்டெண்டோ சுவிட்ச் லைட் என்ற, கையில் பிடித்து ஆடும் கருவியைக் கேட்கிறாள். ஆளுக்கு ஒன்றாக இரண்டு லைட் வாங்கிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்கிறார் என் கணவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கூடத்தில் விளையாடும்போது, சமையலறையில் நின்றபடியே சத்தத்தை வைத்து யார் ஜெயிக்கிறார்கள், யார் அழப்போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். கைக்கருவி வந்த பிறகு ஆளுக்கொரு மூலையில் குனிந்த தலைகளை மட்டும்தான் பார்ப்பேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு வகைக் கருவிகளையும் வீட்டில் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைப் பாலம் (மதுரை):

சகோதரிக்கு வணக்கம். முடிவெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: லைட் மாதிரியைத் தொலைக்காட்சியில் இணைக்கவே முடியாது. 5.5 அங்குலத் திரைதான் அதன் உலகம். 2017-இல் வந்த சாதாரண சுவிட்சையும் 2021-இல் வந்த ஓஎல்இடி மாதிரியையும் தொலைக்காட்சியோடு இணைத்த தாங்கியில் (டாக்) செருகினால் பெரிய திரையில் வரும், எடுத்தால் கைக்குள் வந்துவிடும். தொடர் ஓடும் நேரத்தில் கையில், மற்ற நேரத்தில் கூடத்தில் என்று மாற்றிக்கொள்ள இவற்றில் இயலும். எங்கள் வீட்டில் 2020 முதல் சாதாரண சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அது உறங்கும் இடம் தாங்கிதான், படுக்கையறைக்குள் போகக்கூடாது என்பது நாங்கள் வைத்த ஒரே விதி. ரயில் பயணம் மட்டும் விலக்கு.

ஒரே கருவி வாங்கினால் சண்டை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், இடம் மாறும், அவ்வளவுதான். அனிமல் கிராசிங் என்ற விளையாட்டை உங்கள் மகள் தோழி வீட்டில் பார்த்திருக்கக்கூடும். ஆளில்லாத தீவில் குடியேறி, வீடு கட்டி, மீன் பிடித்து, மரம் நட்டு வாழும் அமைதியான விளையாட்டு அது. ஆனால் ஒரு கருவிக்கு ஒரே தீவுதான். எத்தனை பேர் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தாலும் அதே தீவில்தான் குடியேற வேண்டும்; முதலில் தொடங்குபவரே தீவின் பிரதிநிதி. பாலம் எங்கே கட்டுவது, கடை எங்கே வைப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. இது தெரியாமல் என் மூத்த மகள் முதலில் தொடங்கிவிட்டாள். தன் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு பாலம் வேண்டும் என்று இளையவன் இரண்டு வாரம் அவளிடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தத் தீவில்தான் எங்கள் அப்பாவும் வந்து சேர்ந்தார் என்பதை உங்கள் மாமியாரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். அவர் நாற்பது ஆண்டுகள் காய்கறி மண்டி நடத்தியவர். விளையாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறுமி டர்னிப் கிழங்கு விற்க வருவாள். பிற்பகலில் வந்தால் கிடைக்காது. விலை 90 முதல் 110 மணிகள் வரை இருக்கும் ('மணி' என்பது அங்குள்ள நாணயம்). திங்கள் முதல் சனி வரை கடையில் அதை விற்கலாம். விலை காலையில் ஒன்று, நண்பகலுக்குப் பிறகு வேறொன்று. அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். ஜப்பானிய மொழியில் 'கபு' என்ற ஒரே ஒலி டர்னிப்பையும் பங்குச்சந்தைப் பங்கையும் குறிக்கும் என்பதால் இப்படி அமைத்திருக்கிறார்கள். பேத்தி இதை விளக்கியதும் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த மே விடுமுறை முழுவதும் நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் காலை விலை, மதிய விலை என்று இரண்டு வரிசையாக எழுதி வைத்தார். "பாதியை இன்றைக்கே தள்ளிவிடு, மீதியை வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம்" என்று அவர் சொல்ல, பேத்தி கடைக்கு ஓடுவாள். பெரிய திரையில் ஓடியதால்தான் அது அவர் கண்ணில் பட்டது. கைத்திரையில் இருந்திருந்தால் வீட்டில் இப்படி ஒரு சந்தை நடப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

நேரக் கட்டுப்பாட்டைக் கைப்பேசிச் செயலி வழியாக வைக்கலாம். ஆனால் அந்த வரம்பு கருவிக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒரு மணி நேரம் என்று வைத்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். நாங்கள் பாதி நேரத்துக்குச் சமையலறைக் கடிகாரத்தையே நம்பியிருக்கிறோம்.

சால்டர் மேசை (சென்னை):

ரிச்சி தெருவில் விளையாட்டுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கருவி உடையும்போது என்ன ஆகும் என்ற பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

சுவிட்சில் என் மேசைக்கு அதிகம் வருவது ஸ்டிக் (பொம்மையை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளும் சிறு குமிழ்) தானாக நகரும் கோளாறு. கையை எடுத்த பிறகும் திரையில் பொம்மை ஒரு பக்கமாக நடந்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கின் அடியில் கரிப்பூச்சுள்ள ஒரு தடத்தின்மேல் சிறிய உலோக நாக்கு உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தடம் தேயும்போதோ தூசி சேரும்போதோ நடுநிலை எது என்பது கருவிக்குத் தவறாகத் தெரியத் தொடங்கும். துப்புரவுத் திரவம் விட்டால் சில வாரங்கள் தாங்கும், பிறகு பழையபடிதான். சாதாரண சுவிட்சில் ஜாய்கானை (பக்கவாட்டில் மாட்டும் கைப்பிடிக் கன்ட்ரோலர்) கழற்றி அதை மட்டும் எனக்கு அனுப்பினால் போதும், பிள்ளைகள் மீதிக் கருவியை வேறொரு கன்ட்ரோலரோடு பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். லைட்டில் ஸ்டிக் உடலோடு சேர்ந்தது. முழுக் கருவியையும் திறந்தாக வேண்டும். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, பெரும்பாலும் இறக்குமதிக் கடைகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே உத்தரவாதம் யார் தருவது, எந்தக் கடையில் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனின் மின்தடை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைச் செலவில்லாமலே சரிசெய்ய வாய்ப்பு உண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யுபிஎஸ்' என்றும் மறுபக்கம் 'ஈகோ' அல்லது 'நார்மல்' என்றும் எழுதியிருப்பார்கள். நார்மலில் இருந்தால், மின்சாரம் போனபின் பேட்டரிக்கு மாறக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாக எடுக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினிக்கும் விளையாட்டுக் கருவிக்கும் தெரிந்துவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் அந்த இடைவெளி குறையும். மின்னழுத்தம் அடிக்கடி இறங்கும் பகுதியாக இருந்தால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அடிக்கடி தாவும் என்பது ஒரு குறை. கருவியும் தொலைக்காட்சியும் இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ள பிளக்கில்தான் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும்தான் அந்த இணைப்பைக் கொடுத்திருப்பார்கள். எச்சரிக்கை வந்தபின் கருவி தன் சேமிப்பகத்தைச் சரிபார்த்து முடிக்கும்வரை பிளக்கைப் பிடுங்காமல் காத்திருக்க வேண்டும் என்பதை மகனிடம் சொல்லிவையுங்கள்.

கைக்கருவியைத் தேர்வுக் காலத்தில் அலமாரியில் பூட்டி வைக்கும் பெற்றோர் பலர். பேட்டரியை முழுதும் தீரவிட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பாதி அளவு சார்ஜ் இருக்கும்படி வைத்து, இடையிடையே எடுத்துச் சார்ஜ் போடுங்கள். பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய பிஎஸ்பிக்களை (சோனியின் கைக்கருவி) இன்றும் பார்க்கிறேன்.

இரண்டாவது பெண் (தஞ்சாவூர்):

அக்கா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் நான், ஆகவே அவள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

2004-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் அப்பா விடுமுறைக்கு வந்தபோது, மடித்து மூடக்கூடிய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற கைக்கருவி ஒன்றும், கற்பனை உயிர்களைப் பிடித்து வளர்க்கும் போக்கிமான் ரூபி விளையாட்டுக் கேசட் ஒன்றும் வாங்கி வந்தார். இரண்டும் எனக்கும் அண்ணனுக்கும் பொது. அந்தக் கேசட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். நான் 41 மணி நேரம் ஆடி வைத்திருந்ததை, அண்ணன் புதிதாகத் தொடங்கி ஒரு மாலையில் மேலெழுதிவிட்டான். மேலெழுதினால் பழையது முழுவதும் போய்விடும் என்று அது ஆங்கிலத்தில் எச்சரிக்கும். அவன் படிக்காமல் பொத்தானை அழுத்தியிருக்கிறான். வீட்டில் பெரியவர்கள் "விளையாட்டுத்தானே, மறுபடி ஆடு" என்றார்கள். இழந்தது விளையாட்டு அல்ல, நான் பெயர் வைத்து வளர்த்த ஆறு உயிர்கள் என்பதை ஒன்பது வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் ஒரு கருவியோ இரண்டோ, மகளுக்கென்று அண்ணன் தொட முடியாத ஓரிடம் அதில் இருக்கட்டும். சுவிட்சில் ஆளுக்கொரு பயனர் கணக்கு உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் அவரவர் சேமிப்பு அவரவர் கணக்கிலேயே தனியாக இருக்கும். முதல் நாளே இருவர் கணக்கையும் நீங்களே உட்கார்ந்து தொடங்கிக் கொடுங்கள். இன்னொன்று: சேமித்தவை கேசட்டில் இல்லை, கருவியின் உள் நினைவகத்தில் இருக்கின்றன. கேசட்டை மட்டும் தோழி வீட்டுக்கு எடுத்துப்போனால் அங்கே அவளுடைய ஆட்டம் இருக்காது.

அந்த ரூபி கேசட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. போட்டால், உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றும், நேரத்தைச் சார்ந்தவை இனி நடவா என்றும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். நட்ட பழச்செடிகள் வளர்வதில்லை, மற்றதெல்லாம் அப்படியே இருக்கின்றன. அதில் இருப்பது அண்ணனின் ஆட்டம்தான். அவன் இப்போது துபாயில் இருக்கிறான். அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

காவிரிக்கரை (திருச்சி):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு லைட் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, பயன்படுத்திய சாதாரண சுவிட்ச் ஒன்றை, இரண்டு ஸ்டிக்குகளையும் கடையிலேயே சோதித்துப் பார்த்து வாங்கினோம். தாங்கி, தொலைக்காட்சித் தட்டில் பிளேஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொடர் நேரத்தில் அதைக் கையில் எடுக்கும் உரிமை செவ்வாய், வியாழன் மகளுக்கு. திங்கள், புதன் மகனுக்கு. வெள்ளிக்கிழமை யாருக்கும் இல்லை. இந்தப் பங்கீட்டைப் பிள்ளைகளே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள்.

தீவின் பிரதிநிதி மகள்தான். வைகைப் பாலம் ஐயா சொன்னதை மகனிடம் முன்கூட்டியே விளக்கிச் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, தன் வீட்டை எங்கே வைப்பது என்பதை மட்டும் தானே முடிவு செய்வேன் என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தான். மாமியார் இன்னும் டர்னிப் பக்கம் வரவில்லை. ஆனால் விளம்பர இடைவேளையில் பேத்தியின் கையிலிருப்பதை எட்டிப் பார்த்து, "அந்த மரத்தில் என்ன காய்?" என்று கேட்டார்.

இன்வெர்ட்டரின் பின்புறம் ஒட்டடைக்குள் அந்தச் சிறிய சுவிட்ச் இருந்தது, நார்மலில்தான் இருந்தது. கணவர் மாற்றி வைத்தார். நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தெருவில் மின்சாரம் போனது. மகன் கன்ட்ரோலரைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தான். ஆட்டம் நிற்கவில்லை. "அம்மா, ஓடுது!" என்று அவன் போட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது.